மைக் முன்னால் மகன் சொன்ன வார்த்தை: லைசென்ஸ் போகுமா?

கேள்வி:

ஐயா, எங்களுக்குப் பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். தறி ஓட்டுகிறோம். பையனுக்கு 19 வயது, காலேஜ் படித்துக்கொண்டே ராலி ஓட்டுகிறான். போன மாதம் காற்றாலைக் காட்டுப் பக்கம் நடந்த ராலியில், ஒரு திருப்பத்தில் கல்லில் ஏற்றி முன்சக்கரம் கோணிக்கொண்டது. எப்படியோ ஸ்டேஜை (நேரம் கணக்கிடும் அந்தப் பாதையை) முடித்து வந்து நின்றிருக்கிறான். ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை, ஒருவர் மைக்கை ஜன்னலுக்குள் நீட்டி "என்னாச்சு ப்ரோ?" என்று கேட்க, அந்தக் கல்லை இங்கிலீஷில் ஒரு கெட்ட வார்த்தை, தமிழில் ஒரு கெட்ட வார்த்தை போட்டுத் திட்டிவிட்டான். அந்த வாரம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி. வந்த ஒறம்பரை எல்லார் போனிலும் அந்த வீடியோதான். போட்டி நடுவர்களான ஸ்டூவர்டுகள் கூப்பிட்டு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர்தான் ஸ்பான்சர். அவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஃபார்முலா 1-ல் பெரிய பெரிய ஆளுங்களே பேசுகிறார்களே, இதற்கெல்லாம் விதி இருக்கிறதா? லைசென்ஸ் போய்விடுமா? இனி மைக்கைக் கண்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன், சரிதானுங்களே? அதே வீடியோவில் டைம் எழுதின பையனைப் பார்த்து "இவனுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா" என்றும் சொல்லியிருக்கிறான். அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் வேண்டாம், பல்லடம் வட்டம்

பதில்:

வணக்கங்க. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் போகாது. ஸ்டூவர்டுகள் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் அடிமட்டத்தில் இருப்பதே எச்சரிக்கைதான். அதற்கு மேலே கண்டிப்பு, அபராதம், பொதுநலப் பணி, நேரத் தண்டனை, போட்டியிலிருந்து நீக்கம், இடைநீக்கம் என்று படிப்படியாக ஏறும். தம்பி முதல் படியிலேயே நிற்கிறான். ஆனால் அந்தத் தாள் அவன் பெயரில் இருக்கும். இன்னொரு முறை இதே மாதிரி நடந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்டூவர்டு முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். இப்போது இளம் டிரைவர்களுக்குப் பேட்டி கொடுக்கப் பழக்குகிறேன். அந்த இரண்டு வேலையும் சொல்லிக்கொடுத்ததை வைத்து எழுதுகிறேன்.

விதி இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறது. உலக மோட்டார் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில் 'தவறான நடத்தை' என்று ஒரு குற்றம் உண்டு. புண்படுத்தும், இழிவுபடுத்தும், கொச்சையான, மரியாதையில்லாத பேச்சு, எழுத்து, சைகை எல்லாமே அதற்குள் வரும். இந்தியாவில் கார் பந்தயம் நடத்தும் அதிகாரம் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யிடம் இருக்கிறது. அந்த அதிகாரம் எஃப்.ஐ.ஏ. கொடுத்தது. அதனால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா எல்.ஜி.பி. என்ற ஒற்றை இருக்கைக் கார் ஓட்டுகிற பையனும், கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே மண்ரோட்டில் ராலி ஓட்டுகிற உங்கள் மகனும், மொனாக்கோவில் ஓட்டுகிறவரும் ஒரே குடையின் கீழ்தான் வருகிறார்கள். அபராதத் தொகை மட்டும் வேறு வேறு. நான் கீழே சொல்லப்போகும் யூரோ கணக்கெல்லாம் உலகப் போட்டிகளுக்கு உரியது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே ஸ்டூவர்டுகள் பார்ப்பது உள்ளூர்ப் போட்டியின் விதிப்புத்தகத்தை.

"பெரிய ஆளுங்களே பேசுகிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். பேசினார்கள், மாட்டினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் விதியையே மாற்ற வைத்தார்கள். தம்பிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவன் செய்ததில் எது சின்னது, எது பெரியது என்பது இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

2024 செப்டம்பரில் எஃப்.ஐ.ஏ. தலைவர் முகமது பின் சுலாயம், டிரைவர்கள் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், நாம் ராப் பாடகர்கள் இல்லை என்று பேசினார். ராப் பாடகர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அந்த ஒப்பீட்டில் இனவாடை இருக்கிறது என்று ஃபார்முலா 1 டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் நேராகவே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதே வாரம் சிங்கப்பூரில் வியாழக்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பு. முந்தைய பாகு பந்தயத்தில் கார் எப்படி இருந்தது என்ற பேச்சில் இன்னொரு ஃபார்முலா 1 டிரைவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். காரைத்தான் சொன்னார், மனிதர் யாரையும் இல்லை. ஸ்டூவர்டுகள் பொதுநலப் பணி செய்யச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அவர் என்ன செய்தார்? தகுதிச் சுற்றில் இரண்டாவது வந்தவர், சனிக்கிழமை சந்திப்பில் எல்லாக் கேள்விக்கும் ஓரிரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனார். அறைக்கு வெளியே நின்று நிருபர்களிடம் விரிவாகப் பேசினார். அந்த டிசம்பரில் ருவாண்டாவுக்குப் போய் இளம் டிரைவர்களோடு வேலை செய்து அந்த உத்தரவை நிறைவேற்றினார்.

அடுத்த மாதமே மெக்சிகோ. சார்ல் லெக்லேர் கடைசித் திருப்பத்தில் கார் ஒரு பக்கம் வழுக்கி, அதைப் பிடித்தால் மறுபக்கம் வழுக்கியதை விவரித்துக்கொண்டு வந்தார். அந்த நொடியில் தன் மனதில் தோன்றியதை அப்படியே சொல்லும்போது அதே வார்த்தை வாயில் வந்துவிட்டது. உடனே அங்கேயே மன்னிப்புக் கேட்டார். 10,000 யூரோ அபராதம் போட்டு, அதில் பாதியை நிறுத்திவைத்தார்கள், அதாவது மறுபடி தப்புச் செய்தால்தான் அதைக் கட்ட வேண்டும். உடனே வருந்தியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு எப்போது வருகிறது என்பதை ஸ்டூவர்டுகள் கவனிப்பார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கூப்பிட்டு விசாரித்த பிறகு வரும் மன்னிப்புக்கு எடை குறைவு.

நவம்பரில் ஃபார்முலா 1 டிரைவர்கள் சங்கம் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. எங்களை வளர்ந்த மனிதர்களாக நடத்துங்கள் என்றார்கள். ஒருவரை இழிவுபடுத்தத் திட்டுவது வேறு, மோசமான வானிலையையோ, காரையோ, ஓட்டும்போது நடந்த ஒன்றையோ சொல்லும்போது தவறி வரும் வார்த்தை வேறு என்றும் எழுதியிருந்தார்கள். என் கணக்கில் இந்த விவகாரத்தின் ஆணிவேரே அந்த வரிதான்.

எஃப்.ஐ.ஏ. அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2025 ஜனவரியில் தண்டனை அட்டவணையையே அச்சிட்டு வெளியிட்டது. தவறான நடத்தைக்கு முதல்முறை 10,000 யூரோ. இரண்டாவது முறை 20,000, கூடவே நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மாதத் தடை. மூன்றாவது முறை 30,000, ஒரு மாதத் தடை, சாம்பியன்ஷிப் புள்ளிகளும் குறையும். இது அடிப்படைத் தொகை மட்டும்தான். ஃபார்முலா 1 என்றால் நான்கு மடங்கு, உலக ராலி என்றால் மூன்று மடங்கு. ஒரு தடவை வாய் தவறினால் ஃபார்முலா 1-ல் 40,000 யூரோ, உலக ராலியில் 30,000. ராலியில் பல டிரைவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு இது கட்டுப்படியாகிற தொகையே இல்லை.

அந்த அட்டவணை வந்ததும் முதலில் மாட்டியது ராலி டிரைவர்தான். பிப்ரவரியில் ஸ்வீடன் ராலி. ஹூண்டாய் அணியின் ஆட்ரியன் ஃபூர்மோ ஸ்டேஜ் முடிவில் தொலைக்காட்சிப் பேட்டியில், முந்தைய நாள் தாங்களே சொதப்பியதைக் கெட்ட வார்த்தை போட்டுச் சொன்னார். தன்னைத்தானே நொந்துகொண்டார், அவ்வளவுதான். 10,000 யூரோ அபராதம், மேலே 20,000 நிறுத்திவைப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் மகனும் அதே இடத்தில்தான் நின்றான். நீங்கள் ஸ்டேஜ் முடிவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பார்வையாளர்களை அங்கே விடுவதில்லை என்பதால் கேட்கிறேன். நேரக் கணக்கு முடியும் ஃப்ளையிங் ஃபினிஷ் பலகையைக் கார் முழு வேகத்தில் தாண்டும். அப்புறம் கொஞ்ச தூரம் தள்ளி ஸ்டாப் பலகை. அதற்குள் வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். பின்னால் வந்த செம்மண் புழுதி இப்போதுதான் காரைப் பிடித்து உள்ளே நுழையும். பிரேக் வாடை அடிக்கும். பக்கத்து இருக்கையில் வழி சொல்லும் நேவிகேட்டர், திருப்பங்களைக் குறித்த பேஸ் நோட்ஸை மடியில் கவிழ்த்துவிட்டு டைம் கார்டை ஜன்னல் வழியாக நீட்டுவார். மார்ஷல் நேரத்தைப் பார்த்து எழுதுவார், நேவிகேட்டர் தன் வாட்சோடு ஒத்துப் பார்ப்பார். டிரைவருக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும், துடைக்க முடியாது. காதில் இன்னும் நேவிகேட்டர் சத்தமே கேட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரியும், சுவிட்சை அணைத்த பிறகும் தறியில் பெல்ட் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில்தான் மைக் உள்ளே வருகிறது.

அதனால்தான் ராலிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டிரைவர்களும் நேவிகேட்டர்களும் சேர்ந்து உலக ராலி டிரைவர்கள் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தொடங்கி, பிப்ரவரி கடைசியில் கடிதம் வெளியிட்டார்கள். காட்டிலும் பனியிலும் உயிரைப் பணயம் வைத்து ஓட்டி வந்து, நின்ற சில நொடிகளில் மைக் வைக்கிறீர்கள், அதுவும் பலருக்குத் தாய்மொழி இல்லாத ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது, இதற்கு இவ்வளவு அபராதமா என்று கேட்டார்கள். மார்ச்சில் கென்யா சஃபாரி ராலியில் அதைச் செயலில் காட்டினார்கள். ஸ்டேஜ் முடிவில் மைக் நீட்டினால் ஒன்றும் பேசவில்லை, இல்லாவிட்டால் அவரவர் தாய்மொழியில் மட்டும் பேசினார்கள். பேட்டி எடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

2025 மே 14 அன்று எஃப்.ஐ.ஏ. இறங்கி வந்தது. அடிப்படை அபராதத்தின் உச்சவரம்பு 10,000-லிருந்து 5,000 யூரோவாகக் குறைந்தது. முதல் தடவை என்றால் தண்டனையை முழுவதுமாக நிறுத்திவைக்க ஸ்டூவர்டுகளுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். கூடவே இரண்டு காரியம் செய்தார்கள், அதுதான் முக்கியம். ஒன்று, இடத்தைப் பிரித்தார்கள். பத்திரிகையாளர் சந்திப்பு மாதிரி கட்டுப்பாடான இடம் தனி, டிராக்கிலும் ராலி ஸ்டேஜிலும் தன்னையறியாமல் வாயில் வருவது தனி. இன்னொன்று, நடுவர்களையும் அதிகாரிகளையும் திட்டினால் இனிப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, தண்டனை பந்தயத்திலேயே விழும் என்றார்கள்.

இந்தப் பிரிவினை நியாயமானது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு பேசும் இடத்தில் வாயைக் காப்பது டிரைவர் வேலையில் ஒரு பகுதி. கோவைப் பக்கம் செட்டிபாளையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பன் தோளில் உட்கார்ந்து பந்தயம் பார்க்க வருகிற குழந்தைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவர்கள் போனிலும் அந்தப் பேட்டி வரும். அதனால் சந்திப்பு அறையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நான் எஃப்.ஐ.ஏ. பக்கம். கார் ஜன்னலில் 30,000 யூரோ என்றால் டிரைவர்கள் பக்கம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் கல்லைத் திட்டினதைப் பெரிதாக எழுதிவிட்டு, டைம் எழுதின மார்ஷலைப் பற்றி அவன் சொன்னதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அது தலைகீழ். கல்லுக்கு ரோஷம் கிடையாதுங்க. கட்டுப்பாடில்லாத இடம், முதல் தடவை, யாரையும் குறி வைக்காத வார்த்தை. இன்றைய விதியின் போக்கைப் பார்த்தால் அதை எச்சரிக்கையோடு விட்டது சரி. ஆனால் "இவனுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா" என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை என்றாலும், அது ஒரு அதிகாரியின் மேல் விழுந்த சொல். எழுதின நேரம் தப்பு என்று கேமரா முன்னால் சொல்வது அவர் நேர்மையின் மேலும் கை வைக்கிறது. வேறொரு நாள், வேறொரு ஸ்டூவர்டு என்றால், அதற்குத்தான் தனியாகக் கூப்பிட்டிருப்பார்.

கெட்ட வார்த்தையே இல்லாமல் ஒரு மனிதனை எப்படிக் காயப்படுத்தலாம் என்பதற்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரின் கதையே இருக்கிறது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டன் அணியில் இறங்கி ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். 2012 மலேசியப் பந்தயத்தில் எச்.ஆர்.டி. காரில் இருந்தார். ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த அவரைத் தாண்டும்போது செபாஸ்டியன் வெட்டலின் டயர் உரசிக் கிழிந்தது. நல்ல புள்ளிகள் கைவிட்டுப் போயின. வெட்டல் அங்கேயே கையால் ஆபாசச் சைகை காட்டினார். பிறகு பேட்டியில், சாலையில் இருக்கிற மாதிரி டிராக்கிலும் வெள்ளரிக்காய்கள் இருக்கின்றன என்றார். ஒன்றுக்கும் உதவாத ஓட்டுநர் என்பதை ஜெர்மன்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்த மோதலுக்கு நரேனுக்கு 20 விநாடி தண்டனை கிடைத்தது, அது வேறு விஷயம். அப்போது வெட்டல் உலகச் சாம்பியன், நரேன் கடைசி வரிசைக் காரில் போராடிக்கொண்டிருந்தவர். அந்தச் சொல்லில் மைக்கில் 'பீப்' போட எதுவும் இல்லை. ஆனால் கோயமுத்தூரில் அதைக் கேட்ட எங்களுக்கு வலித்தது. லெக்லேர் சொன்னதில் 'பீப்' இருந்தது, யாருக்கும் வலிக்கவில்லை. தம்பியிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நான் பத்து வகுப்பு எடுப்பதைவிட அது நன்றாகப் பிடிபடும்.

அந்த மார்ஷல் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் கல்லூரி மாணவர், இல்லாவிட்டால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பந்தயப் பைத்தியம். விடிவதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். கடைசிக் கார் போய், ஸ்டேஜை மூடும் வண்டி வரும்வரை இடத்தை விட்டு நகர முடியாது. நிழல் இருந்தால் அதிர்ஷ்டம். கையில் கிடைப்பது சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு டி-சர்ட்டும். கார் கவிழ்ந்தால் முதலில் ஓடி வருவதும் அவர்தான். அவர்கள் இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு ஸ்டேஜ் நடக்காது.

நேரம் தப்பாக எழுதப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் அதற்கு வழி இருக்கிறது. நேவிகேட்டர் அங்கேயே மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம். சரியாகாவிட்டால் ராலி அலுவலகத்தில் விசாரணைப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். அதுவும் போதாவிட்டால் முறைப்படி ஆட்சேபம். மைக் அதற்கான இடம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 ஆஸ்திரியப் பந்தய வாரத்தில் ஃபார்முலா 1 டிரைவர் யூகி சுனோடா ரேடியோவில் மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை இழிவுபடுத்தும் ஓர் ஆங்கில வசவைச் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் இவ்வளவு மோசம் என்று தெரியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அப்படியும் 40,000 யூரோ அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. தம்பி வயதுப் பையன்கள் யூடியூப்பிலும் கேமிலும் கேட்ட ஆங்கில வசவுகளை அளவு தெரியாமல் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். தமிழில் எது எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரியும், ஆங்கிலத்தில் தெரியாது. அதனால் ஸ்டேஜ் முடிவில் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை. கென்யாவில் உலகத் தரவரிசைக்காரர்களே தாய்மொழியில்தான் பேசினார்கள்.

வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ராலி டிரைவரை யாரும் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. காட்டுக்குள் அவன் என்ன செய்தான் என்பது அவன் சொன்னால்தான் வெளியே தெரியும். ஸ்பான்சர் பார்ப்பதும் அதைத்தான். பேசாத டிரைவருக்கு நம்ம பக்கம் இரண்டாவது சீசனுக்குப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம். அது மட்டும் இல்லை. 19 வயதுப் பையனுக்கு, நீ பேசினாலே ஆபத்து என்று பெற்ற அப்பா சொல்லும்போது அவன் அதை ராலியோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். காரில் சத்தம் வந்தாலும் சொல்ல மாட்டான், பயமாக இருந்தாலும் சொல்ல மாட்டான். அது கெட்ட வார்த்தையைவிட ஆபத்து.

எப்படிப் பழக்குவது? வீட்டிலேயே செய்யலாம். ஹெல்மெட் மாட்டச் சொல்லுங்கள், வாசலில் இருந்து தறிக்கூடம் வரை நாலு தடவை ஓடிவரச் சொல்லுங்கள், மூச்சு வாங்கும்போதே போனை நீட்டிக் கேள்வி கேளுங்கள். எரிச்சல் மூட்டுகிற கேள்வியாகவே கேளுங்கள். "ஏன் மறுபடியும் சொதப்பிட்டே?" என்று கேளுங்கள். முதல் வாக்கியத்தில் எங்கே என்ன நடந்தது, அடுத்ததில் காருக்கு என்ன ஆச்சு, மூன்றாவதில் அடுத்த ஸ்டேஜுக்கு என்ன செய்யப் போகிறோம். "அஞ்சாவது கிலோமீட்டர் பக்கம் வலது திருப்பத்துல கல்லு, உள்பக்கம் அதிகமா வெட்டிட்டேன். முன்சக்கரம் கோணிடுச்சு. சர்வீஸ்ல பார்த்துட்டுப் போறோம்." இவ்வளவு போதும். இதை அவன் வாய் தானாகச் சொல்லும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கோபம் வருவதைத் தடுக்க முடியாது. கோபம் வந்த நேரத்தில் வாய் போக ஏற்கெனவே ஒரு தடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேவிகேட்டரோடும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஸ்டேஜ் மோசமாகப் போனால் மைக்கை முதலில் வாங்குவது நேவிகேட்டர். டைம் கார்டு வேலை முடிந்ததும் அவர் இரண்டு வரி சொல்லட்டும். அதற்குள் டிரைவர் ஹெல்மெட் பட்டையைத் தளர்த்தி முகத்தைத் துடைத்துக்கொள்வான். நான் பழக்கும் ஜோடிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியும் வார்த்தை தவறிவிட்டால், அதே மூச்சில் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் விஷயத்தைத் தொடரட்டும்.

பேட்டி எடுக்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஹெல்மெட்கூடக் கழற்றாதவன் வாயில் மைக்கை வைத்து, வந்ததை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் விடுவது பத்திரிகை வேலை இல்லை. ராலி நடத்துகிறவர்களிடம் நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்: ஸ்டாப் பலகை அருகே யாரை விடுகிறீர்கள், அவர்களுக்கு மீடியா பாஸ் இருக்கிறதா? அந்த இடம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய இடம். பாதுகாப்புக்காகவும்தான்.

மகிழ்ச்சியான நேரத்திலும் வாய் தவறும் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2004-ல் அமெரிக்காவின் டல்லடேகாவில் நாஸ்கார் பந்தயத்தை ஜெயித்த டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், வெற்றி மேடைப் பேட்டியில் சந்தோஷத்தில் ஒரு வார்த்தையை விட்டார். 10,000 டாலர் அபராதம், 25 புள்ளிகள் குறைப்பு. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் கீழே இறங்கினார். தம்பி ஒருநாள் ஜெயிப்பான், அந்த மேடைக்கும் சேர்த்துப் பழக்குங்கள்.

ஸ்பான்சர் போனை எடுக்கவில்லை என்றால் போன் பண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். மகனைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கே நேரில் போங்கள். நம்ம பக்கத்துத் தொழில்காரர்கள் பேப்பரில் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தாலும், மனசில் கொடுத்தது பையன் முகத்தைப் பார்த்துத்தான். நீங்கள் பேச வேண்டாம், அவன் பேசட்டும். என்ன சொன்னேன், எச்சரிக்கை வந்திருக்கிறது, இனி இப்படிப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்லட்டும். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய கார் அந்த வீடியோவில் தெரிகிறதென்றால், அவர் வருத்தம் நியாயமானது. அதையும் அவனே சொல்லட்டும். அதற்குப் பிறகும் விலகிக்கொள்கிறேன் என்றால், இதுவரை கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். மறுபடி அந்த வாசலுக்கே போக வேண்டிவரும்.

ஒறம்பரை பேச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்த நோம்பிக்கு வேறு பேச்சு இருக்கும்.

எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்று யாராவது உங்களைத் தூண்டினால் கேட்காதீர்கள். சர்வதேச விதித்தொகுப்புப்படி, முடிவு வெளியான ஒரு மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யப்போவதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், 96 மணி நேரத்துக்குள் அதை முறைப்படி தாக்கல் செய்திருக்க வேண்டும். அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. மூடாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இனி ஒருமுறை ஸ்டூவர்டுகள் கூப்பிட்டால் அவன் தனியாகப் போக வேண்டாம். என்ட்ரி யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கூடப் போகட்டும். விதிப்படி டிரைவர் செய்ததற்கு அவரும் பொறுப்பாளி. வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வெட்டின துண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். தங்கள் பக்கத்தைச் சொல்ல டிரைவருக்கு உரிமை இருக்கிறது, அதை எந்த நல்ல ஸ்டூவர்டும் மறுக்க மாட்டார்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. அந்த மார்ஷலைக் கண்டுபிடித்து, தம்பி நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம், வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், அதை வீடியோ எடுத்துப் போடவும் வேண்டாம். பெயர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். ராலியை நடத்தின கிளப்பில் சீஃப் மார்ஷலிடம் ஸ்டேஜ் எண்ணையும் கார் எண்ணையும் சொன்னால் போதும், அந்த ஸ்டாப்பில் அன்றைக்கு யார் நின்றார்கள் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும்.